சரிவில் எழும் ஓசை

(உரைநடை)

நுழையும்முன்

பகலில் எவரும் பொருட்படுத்தாத ஓசை, இரவில் ஓர் ஊரையே எழுப்பிவிடும். ஆனால், அவ்வோசையை எழுப்பியவருக்கும் தக்க காரணம் இருக்கக்கூடும். உறங்குபவரின் அமைதியும் ஓட்டுநரின் உயிரும் ஒரே சாலையில் எதிர்ப்படும்போது விதி என்ன சொல்ல வேண்டும்? இவ்வினாவுக்குப் பல நாட்டு ஊர்கள் விடை தேடிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓசைக்குப் பல பெயர்கள்

காதுக்கு எட்டும் ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு. மழை பெய்தால் ஓசை. மணி அடித்தால் ஒலி. இருளில் சருகு அசைந்தால் அரவம். திருவிழாக் கூட்டம் எழுப்புவது ஆரவாரம். கேட்பவர் விரும்பாமலேயே கேட்க நேர்வதை இன்றைய வழக்கில் இரைச்சல் என்கிறோம். முன்னைய நான்கு சொற்களும் எழுவதைப் பற்றிச் சொல்கின்றன. இரைச்சல் என்னும் சொல்லோ கேட்பவரின் மனநிலையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே, ஒருவருக்கு இன்றியமையாத ஒலி மற்றொருவருக்கு இரைச்சலாக இருக்கலாம்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நெடுஞ்சாலைச் சரிவுகளை ஒட்டி வாழும் மக்கள் இத்தகைய ஓர் ஓசையை நன்கு அறிவர். நள்ளிரவில் பட்டாசுச் சரம் வெடிப்பதுபோல் 'படபட' என்று அது எழும்; சில நொடிகள் நீடித்து அடங்கும். உறங்கும் குழந்தை விழித்து அழும். நோயாளி புரண்டு படுப்பார். சரிவில் இறங்கும் பெரிய சரக்குந்து ஒன்று தன் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தியதால் எழுந்த ஓசை அது. பேச்சுவழக்கில் லாரி எனப்படும் சரக்குந்து ஏன் அவ்வாறு செய்கிறது என்பதை அறிந்த பின்னரே, அதைத் தடுக்கும் விதி சரியா தவறா என்று கூற முடியும்.

சரிவும் சூடும்

மிதிவண்டியில் நீண்ட சரிவில் இறங்குபவர் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், பிரேக் கட்டையும் சக்கர விளிம்பும் சூடாகிவிடும். இயக்க ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுவதே இதற்குக் காரணம். மிதிவண்டியில் இது சிறு செய்தி; சரக்குந்தில் இது உயிர்ச் செய்தி.

40 டன் எடையுள்ள ஒரு சரக்குந்து, 100 மீட்டருக்கு 6 மீட்டர் வீதம் தாழும் சாலையில் 5 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் இறங்கியிருக்கும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அப்போது வெளிப்படும் ஏறக்குறைய 12 கோடி ஜூல் ஆற்றல் எங்கேனும் செலவாக வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள 350 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக இறங்கினால், பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறும். சூடேறிய பிரேக்கின் பிடிப்பு குறையும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காத நிலை வரும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று செய்தித்தாள்களில் வரும் விபத்துகள் பலவற்றின் பின்னணி இதுவே.

கணவாயில் பிறந்த எண்ணம்

1931ஆம் ஆண்டு கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், டீசல் எஞ்சின் பொருத்திய சரக்குந்து ஒன்றில் தம் குழுவினருடன் அந்நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பயணம் செய்தார். டீசல் எஞ்சின் நெடுந்தொலைவுச் சரக்குப் போக்குவரத்துக்கு ஏற்றது என்பதை மெய்ப்பிப்பது அவரது நோக்கம்.

கலிபோர்னியா மாநிலத்தின் கஹோன் கணவாயில் சரக்குந்து இறங்கியபோது பிரேக்கின் பிடிப்பு போய்விட்டது. வண்டியின் வேகம் கூடிக்கொண்டே சென்றது. கீழே சாலையின் குறுக்கே சரக்குத் தொடர்வண்டி ஒன்று கடந்துகொண்டிருந்தது. மோதல் நூலிழையில் தவிர்ந்தது. மலை ஏற வலிமை தரும் எஞ்சின், மலை இறங்கும்போது ஏன் துணை நிற்கவில்லை என்னும் வினா அவர் மனத்தில் பதிந்தது.

அவ்வினாவுக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆயின. பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரே அவர் எஞ்சினைப் பிரேக்காக மாற்றும் அமைப்பை வடிவமைத்தார். துளையிடும் கருவிகளுக்கான உறுப்புகளைச் செய்துவந்த ஜேக்கப்ஸ் என்னும் நிறுவனம், 1961ஆம் ஆண்டு அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனால் ஓட்டுநர்களிடையே அதற்கு 'ஜேக் பிரேக்' என்னும் பெயர் நிலைத்தது.

எஞ்சின் தடையாகும் விதம்

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தேவையில்லை. உருளைக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மேலே சென்று அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று கடுமையாகச் சூடேறுகிறது. அந்நேரத்தில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டி ஓடுவது இவ்வாறே.

சரிவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் வருவதில்லை. ஆயினும் வண்டி கியரில் இருப்பதால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. பிஸ்டன் மேலே சென்று காற்றை அழுத்துகிறது. அழுந்திய காற்றோ சுருள்வில்லைப்போல் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. அழுத்துவதற்குச் செலவான ஆற்றலில் பெரும்பகுதி இவ்வாறு திரும்பிவிடுகிறது.

எஞ்சின் பிரேக் இங்கேதான் குறுக்கிடுகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது வெளியேற்றும் வால்வை அது சற்றே திறந்துவிடுகிறது. அழுந்திய காற்று புகைக்குழாய் வழியாக வெளியே பாய்கிறது. பிஸ்டனைத் திருப்பித் தள்ள வலிமை எஞ்சுவதில்லை. ஆகவே வண்டியின் ஆற்றல் சுற்றுக்குச் சுற்று குறைகிறது. சக்கரங்களின் பிரேக்கும் சூடேறாமல், உண்மையான இடர் வரும் நேரத்துக்கென ஆயத்தமாக இருக்கிறது.

ஓசை பிறப்பதும் அந்தக் காற்றுப் பாய்ச்சலில்தான். 6 உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 2000 முறை சுழன்றால், காற்று நொடிக்கு 100 முறை இவ்வாறு வெளியேறும். புகைக்குழாயில் நல்ல சைலன்சர் இருந்தால் அது ஓசையைப் பெரிதும் உள்வாங்கிக்கொள்ளும். சைலன்சர் பழுதுபட்டிருந்தாலோ, வண்டியின் உறுமல் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காக உரிமையாளரே அதனைக் கழற்றிவிட்டிருந்தாலோ, ஒவ்வொரு பாய்ச்சலும் வெடியாகக் கேட்கும். உறங்கும் ஊரை எழுப்புவது பெரும்பாலும் இத்தகைய வண்டியே.

ஊர் வகுத்த விதி

உறக்கத்தில் கண் மூடிக்கொள்கிறது, காது மூடிக்கொள்வதில்லை. திடீரென எழும் ஓசை, உறங்குபவரை முழுமையாக எழுப்பாவிட்டாலும் ஆழ்ந்த உறக்கத்தைக் கலைக்கும்; இதயத் துடிப்பை உயர்த்தும். ஓரிரவு கலைந்தால் மறுநாள் சோர்வு. ஒவ்வோர் இரவும் கலைந்தால் உடல்நலக் கேடு. ஆகவே மக்கள் தம் ஊராட்சியிடமும் நகர மன்றத்திடமும் முறையிட்டனர். மன்றங்கள் விதிகளை வகுத்தன. ஊர் எல்லையில் பலகைகளை நட்டன. அவ்விதிகள் மூன்று வகையாக அமைந்தன.

முதல் வகை, ஊர் எல்லைக்குள் எஞ்சின் பிரேக்கை முற்றிலும் தடை செய்தது. இது எளிதில் புரியும் விதி. ஆனால், நல்ல சைலன்சர் பொருத்தி அமைதியாக இறங்கும் ஓட்டுநரும் இதன்படி குற்றவாளி ஆகிறார்.

இரண்டாம் வகை, சைலன்சர் இல்லாமல் எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்துவதை மட்டும் தடை செய்தது. இவ்விதி பிரேக்கை விட்டுவிட்டு இரைச்சலைப் பிடிக்கிறது.

மூன்றாம் வகை, தண்டனை கூறாமல் வேண்டுகோள் விடுத்தது. "இது குடியிருப்புப் பகுதி; எஞ்சின் பிரேக்கைக் குறைவாகப் பயன்படுத்துங்கள்" என்னும் பொருள்பட அமைந்த பலகைகள் ஆஸ்திரேலியச் சாலைகளில் உள்ளன.

தடை விதித்த ஊர்கள் பலவும் ஒரு விலக்கை மறவாமல் சேர்த்தன. மோதலைத் தவிர்க்க வேண்டிய இடர்நேரத்தில் ஓட்டுநர் எஞ்சின் பிரேக்கைப் பயன்படுத்தினால் அது குற்றமாகாது. தடை விதிக்கும் கையே உயிர் காக்கும் வழியையும் திறந்து வைத்திருப்பது இவ்விதிகளின் சிறப்பு.

எனினும் விதியை எழுதுவதைவிட அதைக் காப்பது கடினம். ஓசை சில நொடிகளில் மறைந்துவிடும். காவலர் வருவதற்குள் வண்டி அடுத்த ஊரை அடைந்துவிடும். இதனால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஓசையை அளந்து வண்டியைப் படம்பிடிக்கும் கருவிகள் சாலையோரத்தில் அமைக்கப்பட்டன. எஞ்சின் பிரேக் ஓசையில் மக்களை வருத்துவது அதன் அளவு மட்டுமன்று. விட்டுவிட்டு வெடிக்கும் ஏற்ற இறக்கமும் ஆகும். ஆகவே அந்த ஏற்ற இறக்கத்தையும் அளக்கும் முறை அங்கு வகுக்கப்பட்டது.

ஒரே சாலை, இரு நியாயங்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக்குக் கிழக்கே மலைத்தொடர் ஒன்று உள்ளது. அம்மலைகளிலிருந்து தென்கிழக்கு நெடுஞ்சாலை நீண்ட சரிவாக இறங்குகிறது. சரிவு முடியும் இடத்தில் கிளென் ஆஸ்மண்ட் என்னும் குடியிருப்புப் பகுதியும் பல சாலைகள் கூடும் சந்திப்பும் உள்ளன. பிரேக் இழந்த வண்டி ஏறி நிற்பதற்கெனச் சரளைக் கற்கள் நிரப்பிய தடங்கள் சரிவின் ஓரத்தில் அமைக்கப்பட்டுள்ளன.

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கட்டுப்பாட்டை இழந்த சரக்குந்து ஒன்று அச்சந்திப்பில் நின்றிருந்த வாகனங்களின் மீது மோதியது. இருவர் உயிரிழந்தனர். அதன்பின் அச்சரிவில் இறங்கும் கனரக வாகனங்களின் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. தாழ்ந்த கியரில், எஞ்சினின் தடையைக் கொண்டே இறங்க வேண்டும் என்னும் கட்டாயமும் உள்ளது.

சிற்றூர் ஒன்றின் பலகை எஞ்சின் பிரேக்கை வேண்டாம் என்கிறது. இந்நெடுஞ்சாலையின் விதியோ எஞ்சினின் தடை கட்டாயம் வேண்டும் என்கிறது. இரண்டும் முரண்போல் தோன்றினாலும் உண்மையில் முரண் இல்லை. சமநிலத்தில் உள்ள ஊருக்குள் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு எஞ்சின் பிரேக் தேவைப்படுவதில்லை. நெடுஞ்சரிவிலோ அது இல்லாமல் இறங்குவது பேராபத்து. அடிவாரத்தில் வாழும் மக்களின் அமைதியைக் கெடுக்கும் அதே ஓசை, அவர்களின் உயிரையும் காக்கிறது. அங்கே ஓசையைக் குறைக்கச் சைலன்சரைச் சீராக வைத்திருக்கச் செய்வதே சரியான வழி. எஞ்சின் பிரேக்கை விலக்குவது அன்று.

இந்தியச் சாலைகளில்

இந்தியாவிலும் இத்தகைய சரிவுகள் உண்டு. புனே நகரின் ஓரமாகச் செல்லும் மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலை, காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையைக் கடந்ததும் நவலே பாலத்தை நோக்கிச் சரிகிறது. இருபுறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. இச்சரிவில் பெரும் விபத்துகள் பல நேர்ந்துள்ளன. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனரக வண்டி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து வந்து மோதியதில் ஏராளமான வாகனங்கள் நொறுங்கின. பெங்களூருவிலிருந்து சேலத்துக்குச் செல்லும் வழியில் தருமபுரி மாவட்டத்தில் உள்ள தொப்பூர் கணவாயும் இத்தகையதே. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் பிள்ளைகள் பலர், அங்கே பேருந்து வேகம் குறைந்து வளைந்து இறங்குவதைச் சன்னலோரத்தில் அமர்ந்து கண்டிருப்பர்.

இவ்விடங்களில் ஓட்டுநர்களுக்குத் திரும்பத் திரும்பக் கூறப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "சரிவில் எஞ்சினை அணைக்காதீர், நியூட்ரலில் இறங்காதீர்." டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் சிலர் அவ்வாறு இறங்குகின்றனர். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்றுவிடுவதால் எஞ்சின் தரும் தடை முழுவதும் போய்விடுகிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டால், பிரேக்குக்குத் தேவையான காற்றழுத்தத்தை ஊட்டும் கருவி நின்றுவிடும். திசைமாற்றும் சக்கரமும் இறுகிவிடும். மேலும், மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் இன்றைய எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டால் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஓடும் எஞ்சினுக்கோ சிறிதளவு டீசல் தேவைப்படும். மிச்சம் என்று எண்ணியது மிச்சமும் இல்லை. உயிருக்கு உறுதியும் இல்லை.

எனவே, அயல்நாட்டுச் சிற்றூரின் பலகையை அப்படியே கொண்டுவந்து இச்சரிவுகளில் நட்டால் அது நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சினைத் துணைக்கு அழைக்காமல் இறங்குவதே இங்குள்ள குறை. இந்தியக் குடியிருப்புகளின் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேறு ஓசை. அது தேவையின்றி அழுத்தப்படும் ஹாரன். சைலன்சர் கழற்றப்பட்ட வண்டியின் அலறல்.

இவற்றுக்கென விதிகள் உள்ளன. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் 2000ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் எனவும், மற்ற நேரம் இரவு எனவும் அவை கொள்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல். இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவுக்கு அமைதி மண்டலம் வகுக்கப்படுகிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவில் ஹாரன் அடிக்கக் கூடாது. பொது இடர்நேரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 194எஃப் பிரிவு இன்னும் நுட்பமானது. பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் ஹாரன் அடிப்பவருக்கும், சைலன்சர் வழியாக அல்லாமல் வேறு வழியில் புகையை வெளியேற்றுபவருக்கும் முதன்முறை 1000 ரூபாயும், மறுமுறை 2000 ரூபாயும் தண்டம் விதிக்க அது வகை செய்கிறது. "பாதுகாப்புக்குத் தேவையான அளவு" என்னும் எல்லைக்கோட்டை இங்கே கவனிக்க வேண்டும். வளைவில் எதிரே வருபவரை எச்சரிக்கும் ஹாரன் குற்றமன்று. சிவப்பு விளக்கின்முன் பொறுமையிழந்து அலறும் ஹாரன் குற்றம்.

விதியின் நடுநிலை

நல்ல விதி ஓசை எழுப்புபவரையும் ஓசை கேட்பவரையும் ஒருங்கே கருதும். இவ்வோசை எதற்காக எழுகிறது, இது இல்லாமல் முடியுமா, முடியாதெனில் இதைக் குறைக்க வழி உண்டா என்னும் மூன்று வினாக்களை அது வரிசையாகக் கேட்கும். தேவையற்ற ஹாரன் முதல் வினாவிலேயே தோற்றுவிடும். சமநிலத்து ஊருக்குள் பயன்படுத்தும் எஞ்சின் பிரேக் இரண்டாம் வினாவில் தோற்கும். நெடுஞ்சரிவில் பயன்படுத்தும் எஞ்சின் பிரேக்கோ மூன்றாம் வினாவரை வந்து, சைலன்சரைச் சீராக வைத்தல் என்னும் விடையைப் பெறும்.

இரவெல்லாம் சரக்குந்தை ஓட்டி வருபவரும் எங்கோ ஓர் ஊரில் உறங்கச் செல்பவரே. மெத்தையில் உறங்குபவர் காலையில் வாங்கும் காய்கறியும் அரிசியும் அவர் இரவில் ஏற்றி வந்தவையே. இருவரும் ஒருவரை ஒருவர் காண்பதில்லை. காணாத அவ்விருவருக்கும் இடையே நின்று, இருவருக்காகவும் பேசுவதே விதியின் கடமை.

தெரிந்து தெளிவோம்

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். இது சாதாரண எண் வரிசை போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகும். 20 டெசிபல் கூடினால் 100 மடங்காகும். ஆகவே 45 டெசிபல் வரம்புள்ள இடத்தில் 65 டெசிபல் ஒலி எழுந்தால், அது வரம்பைப்போல் 100 மடங்கு செறிவுடையது.

சொற்பொருள்

அரவம் – மெல்லிய ஓசை
இன்றியமையாத – இல்லாமல் முடியாத
கணவாய் – மலைகளுக்கு இடையிலான வழி
செறிவு – அடர்த்தி, திண்மை
தண்டம் – தண்டனைத் தொகை
முறையிடுதல் – குறையை எடுத்துக் கூறுதல்
விலக்கு – விதியிலிருந்து விடுபாடு

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சரிவில் சக்கரங்களின் பிரேக் பிடிப்பை இழப்பதற்குக் காரணம்
(அ) குளிர்ச்சி (ஆ) அளவுமீறிய வெப்பம் (இ) காற்றின் தடை (ஈ) டீசல் குறைவு

2. குடியிருப்புப் பகுதிக்கான இரவு நேர ஒலி வரம்பு
(அ) 40 டெசிபல் (ஆ) 45 டெசிபல் (இ) 55 டெசிபல் (ஈ) 65 டெசிபல்

3. 'நூலிழையில் தவிர்ந்தது' என்பதன் பொருள்
(அ) நூலால் கட்டப்பட்டது (ஆ) மிக நெருங்கி வந்து தவிர்ந்தது (இ) எளிதில் தவிர்ந்தது (ஈ) முற்றிலும் அறுந்தது

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. கிளெஸ்ஸி கம்மின்ஸின் சரக்குந்து ________ கணவாயில் பிரேக் பிடிப்பை இழந்தது.
2. எஞ்சின் பிரேக்கின் ஓசையைப் பெரிதும் உள்வாங்குவது ________.
3. மருத்துவமனையைச் சுற்றி ________ மீட்டர் அளவுக்கு அமைதி மண்டலம் வகுக்கப்படுகிறது.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. 'இரைச்சல்' என்னும் சொல் மற்ற ஓசைப் பெயர்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. ஊர் விதிகள் பலவற்றில் இடம்பெற்ற விலக்கு யாது?
3. சரிவில் நியூட்ரலில் இறங்குவது ஏன் ஆபத்தானது?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை தருக.

1. எஞ்சின் பிரேக் வண்டியின் வேகத்தைக் குறைக்கும் முறையை உம் சொற்களில் விளக்குக.
2. சிற்றூரின் பலகையும் அடிலெய்டு நெடுஞ்சாலையின் விதியும் முரண்படவில்லை என்பதை நிறுவுக.
3. ஊர் விதிகளின் மூன்று வகைகளுள் சிறந்தது எது? காரணம் காட்டி எழுதுக.

உ. மொழிப்பயிற்சி

'படபட' என்பது இரட்டைக்கிளவி. இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது. கீழ்வரும் தொடர்களில் பொருத்தமான இரட்டைக்கிளவியை இட்டு எழுதுக.
(சலசல, கடகட, கலகல, மடமட)

1. பழைய சரக்குந்து ________வென்று ஓடியது.
2. மலையோரத்தில் ஓடை ________வென்று பாய்ந்தது.
3. தாகத்தால் ஓட்டுநர் நீரை ________வென்று குடித்தார்.
4. கதை கேட்ட குழந்தைகள் ________வென்று சிரித்தனர்.

ஊ. செயல்திட்டம்

இரவு 9 மணிக்குப் பத்து நிமிடம் உம் வீட்டுச் சன்னலருகே அமர்ந்து, கேட்கும் ஓசைகள் அனைத்தையும் பட்டியலிடுக. அவற்றுள் தேவையானவை, குறைக்கத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை எவை எனப் பிரிக்க. தவிர்க்கத்தக்க ஓர் ஓசையைப் பற்றி உம் குடியிருப்புச் சங்கத் தலைவருக்குப் பணிவான கடிதம் ஒன்று எழுதுக. அக்கடிதத்தில் ஓசையை எழுப்புபவரின் தேவையையும் ஒரு தொடரிலேனும் குறிப்பிடுக.